ஒற்றைக் காதும் ஆயில் பிரஷரும்

என் இடது காது ஒரு காலையில் நின்றுபோனது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வலி இல்லை, சீழ் இல்லை. அதற்கு முன் லேசாகக் காய்ச்சல் இருந்தது, அவ்வளவுதான். எழுந்து பல் தேய்க்கும்போது குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் அடுத்த வீட்டில் விழுவதுபோலக் கேட்டது. ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து, விரலை விட்டுக் குடைந்துகொண்டே வேலைக்குப் போனேன்.

அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு கார் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் முன் மேஜையில் இருந்தேன். வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் என்ன குறை என்று என்னிடம் சொல்வார்கள். அதை உள்ளே மெக்கானிக்குகளிடம் சொல்வதும், அவர்கள் சொல்வதை வெளியே வந்து வண்டிக்காரர்களிடம் சொல்வதும் என் வேலை. அன்று போன் அடித்ததும் வழக்கம்போல இடது காதில் வைத்தேன். மறுமுனையில் யாரும் பேசவில்லை. வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் யாரும் இல்லை. அதற்கடுத்த தடவை தற்செயலாக வலது காதுக்கு மாற்றினேன். ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சோதித்துவிட்டு, நரம்பு போய்விட்டது, மருந்து எடுத்துப் பார்க்கலாம், திரும்ப வருவது சந்தேகம் என்றார். மருந்து எடுத்தேன். வரவில்லை.

ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். திசையும் சேர்ந்து போகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மகள் அடுக்களையில் இருந்து "அம்மா" என்று கூப்பிடுவாள். நான் வாசலுக்குப் போய் நிற்பேன். வடசேரியில் ரோட்டைக் கடக்கும்போது ஹார்ன் கேட்கும். பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுவேன். எல்லாச் சத்தமும் என் வலது தோளுக்குப் பக்கத்தில் இருந்தே வருவதுபோல இருந்தது.

முன் மேஜையில் இனி முடியாது என்று மேலாளர்தான் முதலில் புரிந்துகொண்டார். நல்ல மனிதர். உதிரிபாக அறைக்கு மாற்றினார். அங்கே அலமாரி அலமாரியாகப் பெட்டிகள். ஒருநாள் ஒரு சிறிய பெட்டி பிரிந்து கிடந்தது. உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டு தகடுகள், பாதி வளையல்களைப் போல. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு வட்டம். நகத்தால் தட்டினால் உள்பக்கம் மிருதுவாக இருந்தது. பெட்டியின் மேல் பேரிங் என்று அச்சடித்திருந்தது.

எத்தனையோ பேரிடம் நான் "பேரிங் போயிருக்கு சார், இன்ஜின் இறக்கணும்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். சிலர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எந்தப் பொருளைப் பற்றி அதையெல்லாம் சொன்னேனோ அதை அன்றுதான் முதல்முறையாகக் கையில் வைத்துப் பார்த்தேன். அது இன்ஜினுக்குள் எங்கே இருக்கிறது, ஏன் போகிறது என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அது மனதில் கிடந்தது.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் கார் டெக்னீஷியன் வகுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், வயது தடையில்லை என்று கேள்விப்பட்டேன். என் கணவர் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவர். வேலையை விட்டுவிட்டு அதில் சேரப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"சத்தத்தக் கேட்டுல்லா அந்த வேலையச் செய்யணும்?" என்றார். கேலியாக அல்ல. உண்மையாகவே சந்தேகம்.

"கேக்குதுல்லா. எங்க இருந்து வருதுன்னுதான் தெரியாது."

டீயை மறுபடி கையில் எடுத்தார். "செரி, போய்ப் பாரு. பூதப்பாண்டி ஸ்டாப்புல காலைல நான் கொண்டு விடுதேன்" என்றார்.

வகுப்பில் பெரும்பாலும் பள்ளி முடித்த பையன்கள். வயதில் மூத்தவர்கள் இரண்டே பேர். நான், அப்புறம் புதுக்கடை என்கிற ஊர்க்காரர் ஒருவர். வளைகுடாவில் தண்ணீர் டேங்கர் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அங்கே பாலைவனத்து நடுவில் வண்டி நின்றால் தானே இறங்கிச் சரிசெய்தாக வேண்டும் என்பதால் வேலை கையில் இருந்தது. ஊரில் ரோட்டோரம் சொந்தமாக ஒரு ஷெட் போட வேண்டும், அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று சேர்ந்திருந்தார். மற்றவர்கள் ஜோடி சேர்ந்த பிறகு மிஞ்சியவர்கள் நாங்கள். அதனால் கடைசிவரை ஒரே மேஜை. நான் அவரை அண்ணன் என்றேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல அவர் என்னை மக்களே என்றார்.

அவருடைய காதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. டீ குடிக்க வெளியே நிற்கும்போது ரோட்டில் போகிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இவனுக்கு வாட்டர் பம்பு போச்சு" என்பார். "அதுக்க பெல்ட் லூசாக்கும்" என்பார். சொன்னது சரியா என்று பார்க்க வழியில்லை, வண்டி போய்விடும். ஆனாலும் நம்பத் தோன்றும்.

எங்களுக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் இருவரையும்விட இளையவர். சத்தங்களைப் பற்றிய பாடம் தொடங்குவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்களுக்கு இத எப்பிடிச் சொல்லிக் குடுக்கதுன்னு எனக்குத் தெரியல. பொய் சொல்ல விரும்பல. நீங்களும் நானும் சேந்து ஒரு வழி கண்டுபிடிக்கணும்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வழி என்று கண்டுபிடித்தது மிகச் சாதாரணமானது. மெக்கானிக்குகள் பயன்படுத்துகிற ஸ்டெதாஸ்கோப் ஒன்று உண்டு. டாக்டருடையதைப் போலவே இருக்கும். மார்பில் வைக்கிற வட்டத்துக்குப் பதிலாக நீளமான இரும்புக் கம்பி. ஓடுகிற இன்ஜினில் அதை ஒவ்வொரு இடமாக ஊன்றிப் பார்ப்பேன். திசை தெரியாது, ஆனால் எந்த இடத்தில் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று தெரியும். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே தலையைச் சாய்த்துச் சொல்வதை நான் இன்ஜினைச் சுற்றிவந்து சொல்வேன். நேரம் ஆகும். பையன்களுக்குப் பொறுமை இருக்காது. புதுக்கடை அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு, "நான் அப்பவே சொன்னேம்லா, அங்கதான்" என்பார்.

லூப்ரிகேஷன் பாடம் நடந்த நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. வாத்தியார் ஒரு பழைய இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டு, கீழ்மூடியைக் கழற்றி, கிராங்க் ஷாஃப்டைக் காட்டினார். பிஸ்டன்கள் மேலும் கீழும் அடிக்கிற அடியைச் சுழற்சியாக மாற்றுகிற தடித்த இரும்புத் தண்டு அது. அதைத் தாங்கி நின்றவை நான் உதிரிபாக அறையில் பார்த்த அதே பாதி வளையல்கள்.

"ஓடும்போ இந்த ஷாஃப்ட் எது மேல நிக்குது?" என்று கேட்டார்.

பேரிங் மேலே என்று எல்லாரும் சொன்னோம்.

"இல்ல. ஆயில் மேல."

தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழையைவிட மெல்லிய இடைவெளி. பம்ப் அதற்குள் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தண்டு சுழலும்போது அந்த எண்ணெயைத் தானே அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன் மேல் எழும்பி மிதக்கிறது. ஒழுங்காக ஓடுகிற இன்ஜினில் இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. அணைத்துவிட்டால் தண்டு மெல்ல இறங்கித் தகட்டில் உட்கார்ந்துவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் வந்து சேரும்வரை அந்தக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டுதான் சுழலும். தேய்மானத்தில் பெரும்பங்கு அப்போதுதான்.

பிறகு இன்னொன்று சொன்னார். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் நிறைய இருக்கலாம். நிறத்தைப் பார்த்தால் புதிதாக இருக்கலாம். அது அடியில் கிடக்கிறது என்பதற்குத்தான் கம்பி சாட்சி. மேலே போய்ச் சேர்கிறது என்பதற்கு அல்ல. போய்ச் சேர்கிறதா என்று தெரிய பிரஷர் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணத்தின் படம் போட்ட சிவப்பு விளக்கு, பிரஷர் கிட்டத்தட்ட முழுக்கப் போன பிறகுதான் எரியும். எரியவில்லை என்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன் மேஜையில் இருந்த காலத்தில் எத்தனை பேரிடம் "லைட் எரிஞ்சுதா? எரியல்லா? அப்ப ஒண்ணும் இருக்காது" என்று நம்பிக்கையாகச் சொல்லி அனுப்பியிருப்பேன்! எனக்குச் சொன்னதை நான் சொன்னேன். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு இன்ஜின் இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு அப்போது இல்லை.

படிப்பு பாதியைத் தாண்டியபோது வாத்தியார், உங்கள் ஊர்களில் குறையுள்ள வண்டி இருந்தால் கொண்டுவாருங்கள், இங்கே வைத்துப் பார்ப்போம் என்றார். புதுக்கடை அண்ணன் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காரைச் சொன்னார்.

அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், எழுந்து நடக்க முடியாத வயதானவர்கள் என்று வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி கொடுக்கிறவர். கார் இல்லாமல் அவருக்கு வேலை இல்லை. சில மாதங்களுக்கு முன் அந்தக் காரின் அடியில் ஆயில் ஒழுகியது. அண்ணன்தான் தன் வீட்டு முற்றத்தில் வைத்து, அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியைக் கழற்றிச் சுத்தம்செய்து, விளிம்பில் பேஸ்ட் போட்டு ஒட்டி மாட்டிக்கொடுத்தார். அந்தத் தொட்டியைப் பட்டறைகளில் சேம்பர் என்பார்கள். ஒழுகல் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு ஓடும்போது ஒரு சத்தம் வருகிறது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"டேப்பட் சத்தமாக்கும் மக்களே," என்றார் அண்ணன் என்னிடம். இன்ஜினின் மேல்பகுதியில் வால்வுகளைத் தள்ளுகிற பாகம் அது; பழைய வண்டிகளில் அதன் சத்தம் சாதாரணம். "நான் கேட்டாச்சு. ஒண்ணும் இல்ல. நாளான வண்டியில்லா. பையம்மாருக்குக் காட்டுகதுக்குக் கொள்ளாம்னு வரச் சொன்னேன்."

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் காரைக் கொண்டுவந்து மையத்தின் முன்னால் நிறுத்தினார். முப்பது வயது இருக்கும். இறங்கியதும் முதலில் சொன்னது, "இப்ப சத்தம் இல்ல. வரும்போ இருந்துது."

பையன்களில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் இன்ஜினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நானும் கம்பியை ஊன்றி ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். சீராக இருந்தது.

"பாத்தியளா?" என்றார் அண்ணன் அந்தப் பெண்ணிடம். "நான் சொன்னேம்லா, ஒண்ணும் பயப்படாண்டாம்."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். முன் மேஜையில் பல தடவை பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் கேட்ட சத்தம் மெக்கானிக்கின் முன்னால் வந்ததும் நின்றுபோனவர்களின் முகம் அது. பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க அவர்களிடம் எதுவும் இருக்காது.

நான் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், என் வலது பக்கமாக நிற்கச் சொன்னேன். "எப்ப வருது? வண்டி எடுத்த உடனே வருமா?" என்று கேட்டேன்.

"இல்ல. எடுக்கும்போ நல்லா இருக்கும். புதுக்கடைக்குள்ள சுத்துனா வராது. மார்த்தாண்டம் தாண்டி நல்லா வேகமாப் போவும்போதான் வரும். டிக் டிக்குன்னு. அப்புறம் கூடும்."

"வேகத்தக் கொறச்சா?"

"கொறையும். ஒரு வீட்டுல நிறுத்தி, வேல முடிச்சிட்டு வந்து எடுத்தா சுத்தமா இருக்காது. மறுபடியும் மெயின் ரோட்டுல கொஞ்ச தூரம் ஓடுனா வரும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தோணுகதாக்கும்னு அண்ணன் சொல்லுகாரு. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது என்பது எனக்கு விநோதமாகப் பட்டது. தேய்ந்துபோன பாகம் ஓய்வெடுத்தால் குணமாகாது. ஏதோ ஒன்று ஓடும்போது வந்து அடைக்கிறது, நின்றதும் விலகிப்போகிறது என்று தோன்றியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. வாத்தியாரிடம் போய், அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்லுதீங்க?"

"டேப்பட்டு சார். எனக்க காது தப்பாது."

"தப்பாம இருக்கலாம். கேஜ் போட்டுப் பாத்துருவோம்."

சிவப்பு விளக்குக்குத் தகவல் கொடுக்கிற சுவிட்சை இன்ஜினில் இருந்து கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜின் குழாயைத் திருகினோம். கேஜைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அண்ணன் உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டார். முள் ஏறி நல்ல இடத்தில் நின்றது. சூடாகும்வரை காத்திருந்தோம். எண்ணெய் சூட்டில் இளகியதால் கொஞ்சம் இறங்கியது, அது இயல்பு. பையன்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, போதுமா என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"ரோட்டுல போவதுபோல வேகத்துல பிடிச்சு வைங்க அண்ணே. விடாண்டாம்" என்றேன்.

அவர் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தார். இன்ஜின் உறுமியது. முள் மேலே போனது. போய் நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை. கை வலிக்கத் தொடங்கிய நேரத்தில் முள் அசைந்தது. முதலில் என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். பிறகு அது இறங்கத் தொடங்கியது, மெல்ல, யாரோ கீழே இருந்து இழுப்பதுபோல. வேகம் அதேதான், முள் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அந்த டிக் டிக் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. வெளியே மரத்தடியில் நின்ற அந்தப் பெண் ஓடிவந்தார்.

"இதுதான்! இதுதான் நான் சொன்னது!" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டேஷ்போர்டில் எரிய வேண்டிய விளக்கின் சுவிட்சை நாங்கள் கழற்றி வைத்திருந்தோம். மாட்டியிருந்தாலும் எரிந்திருக்காது என்றார் வாத்தியார். பிரஷர் அந்த அளவுக்கு இன்னும் கீழே போகவில்லை.

உடனே அணைக்கச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடவிட்டோம். முள் பழையபடி நல்ல இடத்துக்கு வந்து நின்றது, ஒன்றும் நடக்காததுபோல.

அண்ணன் இறங்கி வந்து கேஜைப் பார்த்தார். காரை லிஃப்டில் ஏற்றி, எண்ணெயை வடித்து, சேம்பரைக் கழற்றினோம். திருகாணிகளை அவரே கழற்றினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

சேம்பருக்குள் எண்ணெயில் மூழ்கி இருக்கும் ஒரு சிறிய சல்லடை. பம்ப் அதன் வழியாகத்தான் எண்ணெயை உறிஞ்சுகிறது. அந்தச் சல்லடையில் சாம்பல் நிறத்தில் புழுக்களைப் போலச் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் எடுத்தால் ரப்பரைப் போல இழுபட்டன. சேம்பரின் விளிம்பைப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க அதே சாம்பல் நிறத்தில் பேஸ்ட் தடிப்பாகப் பிதுங்கி நின்றது. சில இடங்களில் பிய்ந்துபோயிருந்தது.

மூடி இறுக்கும்போது கூடுதல் பேஸ்ட் வெளியே பிதுங்கினால் நாம் துடைத்துவிடுகிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்து, துண்டு துண்டாக எண்ணெயில் விழுகிறது. வண்டி மெதுவாக ஓடும்போது பம்ப் மெதுவாக உறிஞ்சும். துண்டுகள் அடியில் கிடக்கும். வேகமாக ஓடும்போது பலமாக இழுக்கும். எல்லாம் சல்லடையில் வந்து அப்பிக்கொள்ளும். நிறுத்தினால் உதிர்ந்துவிடும். அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பாக இல்லை.

வாத்தியார் பையன்களுக்கு விளக்கிவிட்டு, யார் போட்ட பேஸ்ட் என்று கேட்காமல் அலுவலக அறைக்குப் போனார். அவருக்குத் தெரியும். வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய்த் தட்டின் பக்கம் நின்றார்.

"மக்களே," என்றார் தாழ்ந்த குரலில். நான் வலது காதை அவர் பக்கம் திருப்பி நின்றேன். "கழுவிப் போட்டு மாட்டிரலாம். அழுக்கு அடச்சிருந்துன்னு சொன்னாப் போதும். அவ பக்கத்து வீட்டுக்காரியாக்கும். நாளைக்கு நான் ஷெட்டு போட்டா இந்தப் பேச்சு புதுக்கடை முழுக்க நிக்கும்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயந்துபோயிருந்தார். பேஸ்ட் கூடிப்போவது யாருக்கும் நடக்கும். நானே அந்த வாரம் பயிற்சி இன்ஜினில் அதைவிடத் தடிப்பாகப் போட்டிருந்தேன்.

"நீங்க சொல்லது உங்க இஷ்டம் அண்ணே. நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனா அவங்க என்கிட்ட கேட்டா, அழுக்குன்னு எனக்குச் சொல்ல வராது."

அவர் கொஞ்ச நேரம் சல்லடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கழுவாமலே ஒரு பழைய துணியில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நான் போகவில்லை. ஆனால் சத்தமாகத்தான் பேசினார்கள்.

"இது நான் போட்ட பேஸ்டாக்கும். கூடிப்போச்சு. உள்ள விழுந்து அடச்சிருக்கு. தப்பு எனக்கதுதான்."

அந்தப் பெண் துணியில் இருந்ததைப் பார்த்தார். "பேஸ்டு கூடிப்போச்சு, செரி," என்றார். "அது எனக்குப் பெருசு இல்ல அண்ணே. எத்தன தடவ சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோணுகதுன்னு சொன்னிய. ராத்திரி படுத்தாலும் அந்தச் சத்தம் காதுல கேக்கும். எனக்கு என்னவோ ஆயிப்போச்சுன்னு பயந்து போனேன். வண்டி நடுரோட்டுல நின்னிருந்தா?"

வளைகுடாவில் எத்தனையோ இன்ஜின்களைக் காப்பாற்றிய கைகள் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தன.

வேலை அத்தோடு முடியவில்லை. எண்ணெய் போதாமல் ஓடியதால் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வாத்தியார் ஆயில் ஃபில்டரை வெட்டி, அதன் தாள் மடிப்புகளை வெயிலில் விரித்துக் காட்டினார். இங்கொன்றும் அங்கொன்றுமாக மினுமினுப்பு, பேரிங்கில் இருந்து தேய்ந்து வந்த துகள்கள். ஒரு பேரிங் மூடியைக் கழற்றித் தகட்டை எடுத்தோம். சாம்பல் பூச்சில் கோடு கோடாகக் கீறல்கள் இருந்தன. அடியில் உள்ள செம்பு இன்னும் தெரியவில்லை. தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

"நல்ல நேரத்துல கொண்டு வந்திருக்காங்க," என்றார் வாத்தியார். "ஷாஃப்ட் தப்பிச்சுது. தகட்ட மட்டும் மாத்துனாப் போதும். இன்னும் கொஞ்ச நாள் இப்பிடி ஓடியிருந்தா இன்ஜின இறக்கியிருக்கணும்."

தகடுகள் வரவழைக்க, மாட்ட, பார்க்க என்று ஒரு வாரத்துக்கு மேல் கார் மையத்திலேயே நின்றது. அந்தப் பெண்ணின் நோயாளிகள் காத்திருக்க மாட்டார்கள். அண்ணன் தன் மைத்துனரின் ஆட்டோவை வாங்கி, அதிகாலையில் இருந்து அவரை வீடு வீடாகக் கொண்டுபோனார். வகுப்புக்கு மதியத்துக்கு மேல்தான் வந்தார். வந்து, பேசாமல் என் பக்கத்தில் நின்று வேலையைச் செய்வார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். ஒரு வீட்டில் பக்கவாதம் வந்த ஒருவர். பேச்சு குழறும். வலது தோளில் வலி என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வலக்கைதான் விழுந்துபோன கையாயிற்றே, அதில் எப்படி வலிக்கும் என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தப் பெண் அவருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எந்த அசைவில் வலிக்கிறது, படுத்தால் வலிக்கிறதா, கையைத் தலையணைமேல் வைத்தால் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அவர் குழறிக் குழறிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறார். ஒரு வாக்கியம் வெளியே வர எவ்வளவோ நேரம்.

"நான் வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன் மக்களே," என்றார் அண்ணன். "எனக்கு அந்தப் பொறும இல்ல. நான் வண்டிக்கிட்டதான் கேப்பேன். ஓட்டுகவங்ககிட்ட கேட்டதே இல்ல." பிறகு சோற்றைப் பிசைந்தார்.

புதுத் தகடுகளை மாட்டியது நான். வாத்தியார் பக்கத்தில் நின்றார். தகட்டின் உள்பக்கத்தில் விரலால் எண்ணெய் தடவி, மூடியை வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். சேம்பரின் விளிம்பில் அண்ணன் பேஸ்ட் போட்டார்; நூல் கனத்துக்கு, அறுபடாமல் ஒரே கோடாக. போட்டு முடித்ததும் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சரியாக இருந்தது. புது எண்ணெய் ஊற்றி, கேஜை மாட்டி, வேகத்தில் பிடித்தோம். முள் ஏறி நின்றது. கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவே இல்லை.

அந்தப் பெண் காரை எடுக்க வந்தபோது என்னிடம் நன்றி சொன்னார். அண்ணனிடம் தலையை மட்டும் அசைத்தார். அவ்வளவு நாள் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து போனவர் ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது அவருடைய உரிமை என்று இப்போது தோன்றுகிறது.

படிப்பு முடிந்த பிறகு எனக்கு நாகர்கோவிலில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. வண்டி வந்தால் ஓட்டி வந்தவரை என் வலது பக்கம் நிற்க வைத்து, அவர் பேசி முடிக்கும்வரை கேட்பேன். பிறகுதான் பானட்டைத் திறப்பேன். ஆரம்பத்தில் கூட வேலை செய்கிறவர்கள் என்னை வக்கீல் என்று கேலி செய்தார்கள். இப்போது குறை பிடிபடாத வண்டி வந்தால் என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். எல்லாம் எனக்குப் பிடிபட்டுவிடுவதில்லை. போன மாதம் ஒரு வண்டியின் அதிர்வை வாரம் முழுக்கத் தேடியும் காண முடியாமல், இன்னொரு பட்டறைக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.

அண்ணன் புதுக்கடையில் ஷெட் போட்டுவிட்டார். அவர் பயந்ததுபோல ஊரில் யாரும் அதைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கார் மட்டும் அங்கே வருவதில்லை. அந்தப் பெண் சர்வீஸுக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். அண்ணனைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

சமீபத்தில் ஒரு மழைநாளில் அந்தப் பெண் போன் செய்தார். பிரேக் பிடித்தால் கிரீச் என்கிறதாம். மழையில் நாகர்கோவில்வரை ஓட்டிவரப் பயந்து, அண்ணனின் ஷெட்டிலேயே நிறுத்திவிட்டாராம்.

"பாத்தாரா?" என்று கேட்டேன்.

"எங்க பாத்தாரு! இன்னும் வண்டியத் தொடவே இல்ல. ஸ்டூலப் போட்டு உக்கார வச்சு, எப்ப சத்தம் வருது, மெதுவாப் பிடிச்சா வருமா, பள்ளத்துல எறங்கும்போ வருமான்னு கேட்டுட்டே இருக்காரு. எனக்குப் பதில் சொல்லித் தீரல," என்றார். குரலில் சலிப்பும் சிரிப்பும் கலந்திருந்தன. பின்னால் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். அதற்குள் அண்ணன் ஏதோ கேட்டார். "இல்ல அண்ணே, இடது பக்கம்" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தார்.